கபாகாவின் சிம்மாசனமும் கவர்னரின் ஒப்புதலும்: காலனிக் கால புகாண்டா அரசர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கபாகா என்பவர் உகாண்டாவின் அரசரா?

இல்லை. விக்டோரியா ஏரியின் வட கரையில் இருக்கும் புகாண்டா அரசின் மன்னருக்குத்தான் கபாகா என்று பெயர். பிரிட்டிஷார் புகாண்டாவை நடுவில் வைத்து, புன்யோரோ, டோரோ, அன்கோலே, பூசோகா போன்ற பக்கத்து நாடுகளையும் வடக்குப் பகுதிகளையும் சேர்த்துக் கட்டியதுதான் உகாண்டா. பழைய ஆவணங்களைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1900-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 'உகாண்டாவின் கபாகா' என்று வரும் இடங்களில் எல்லாம் புகாண்டா மட்டுமே குறிக்கப்படுகிறது. இதைக் கவனிக்காமல் அந்தக் கணக்குகளை முழு உகாண்டாவுக்கும் பொருத்தினால் எல்லாமே தப்பாகிவிடும்.

காலனிக் காலம் என்றால் மூன்று கபாகாக்கள்: இரண்டாம் முவாங்கா (1884 முதல் 1897 வரை, நடுவில் ஓர் இடைவெளி), இரண்டாம் தாவ்தி சுவா (1897–1939), இரண்டாம் முத்தேசா (1939 முதல் 1966 வரை). பாட்டன், மகன், பேரன் என்று நேர் வரிசை. மூவரில் இருவர் தீவுக்கோ லண்டனுக்கோ நாடு கடத்தப்பட்டவர்கள்.

பிரிட்டிஷார் எப்படி உள்ளே வந்தார்கள்?

அரசரைத் தோற்கடித்து வரவில்லை, அரசருக்கும் பிரதானிகளுக்கும் இடையே இருந்த விரிசல் வழியாக வந்தார்கள். முவாங்காவின் தந்தை முதலாம் முத்தேசா அராபிய வணிகர்கள், ஆங்கிலிக்க மிஷனரிகள், பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரிகள் என்று மூன்று தரப்பையும் அரண்மனைக்கு அருகிலேயே வைத்து, ஒருவரைக் கொண்டு மற்றவரை அடக்கி வந்தார். பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்த மகனுக்கு அந்தச் சாமர்த்தியம் கைவரவில்லை. 1885 அக்டோபரில் பிஷப் ஹானிங்டன் பூசோகாவில் கொல்லப்பட்டார். 1886 ஜூன் 3-இல் நமுகோங்கோவில் கிறித்தவ அரண்மனை ஏவலர்கள் எரித்துக் கொல்லப்பட்டனர். ஏரி வெட்டவும் முவாங்கா பிரதானிகளைக் கட்டாயப்படுத்தினார், தாமதமாக வந்தவர்களுக்கு அபராதம் போட்டார். கம்பாலாவில் இன்றும் கபாகா ஏரி என்று இருப்பது அதுதான். மதத் துன்புறுத்தலைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். மண் சுமக்க வைத்த அவமானமும் பிரதானிகள் மனத்தில் அதே அளவுக்கு ஊறியிருந்தது.

1888 செப்டம்பரில் முஸ்லிம், கிறித்தவ அணிகள் சேர்ந்து அவரைத் துரத்தின. அடுத்த ஓராண்டுக்குள் அவருடைய சகோதரர்கள் இருவர் அரியணை ஏறி இறங்கினார்கள். முவாங்கா கிறித்தவப் பிரதானிகளின் துப்பாக்கி பலத்தில்தான் திரும்பி வந்தார். அன்றே அரசர் தம் பிரதானிகளுக்குக் கடன்பட்டவர் ஆகிவிட்டார். 1890 டிசம்பர் 26-இல் பிரிட்டிஷ் கிழக்காப்பிரிக்கக் கம்பெனியின் சார்பில் கேப்டன் லுகார்ட் அவரிடம் கையெழுத்து வாங்கினார். 1892 ஜனவரி 24-இல் கபாகாவின் தலைநகரான மெங்கோவில் புராட்டஸ்டண்ட் அணியும் கத்தோலிக்க அணியும் மோதிக்கொண்டபோது, லுகார்டின் மாக்சிம் துப்பாக்கிகள் முதல் அணிக்குத் துணை நின்றன. கத்தோலிக்கர் பக்கம் இருந்த முவாங்கா ஏரித் தீவுக்கு ஓடினார். 1894-இல் பிரிட்டிஷ் அரசே நாட்டைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது.

முவாங்கா ஏன் கிளர்ந்தார்? கடைசியில் என்ன ஆனார்?

தந்தத்தைச் சுங்கம் கட்டாமல் ஜெர்மன் எல்லைக்குள் அனுப்பினார் என்று அவருக்கு அபராதம் விதித்தார்கள். அதுவரை தந்தம் அரசரின் சொத்து. 1897 ஜூலை 6-இல் மெங்கோவை விட்டு வெளியேறி, தெற்கே புட்டுவில் ஆள் திரட்டினார். போரில் தோற்று ஜெர்மன் எல்லைக்குள் போனார், அங்கிருந்து தப்பி வடக்கே போய், நெடுநாள் எதிரியான புன்யோரோ அரசர் கபலேகாவோடு கைகோத்தார். 1899 ஏப்ரல் 9-இல் லாங்கோ பகுதியில் இருவரும் ஒன்றாகப் பிடிபட்டார்கள். இருவரையும் செஷல்ஸ் தீவுகளுக்கு அனுப்பினார்கள். முவாங்கா அங்கே ஞானஸ்நானம் பெற்று, 1903 மே 8-இல் இறந்தார். உடலை 1910-இல் கொண்டுவந்து காசுபியில் அடக்கம் செய்தார்கள்.

ஒரு வயதுக் குழந்தையை அரசராக்கினார்கள் என்பது உண்மையா?

உண்மை. தாவ்தி சுவா பிறந்தது 1896 ஆகஸ்ட் 8. மறு ஆகஸ்டில் தந்தையைப் பதவி நீக்கியதும் குழந்தையைக் கபாகா என்று அறிவித்தார்கள். ஆட்சியை மூன்று பிரதிநிதிகள் நடத்தினார்கள்: பிரதம மந்திரியான கத்திக்கிரோ அப்போலோ கக்வா, கத்தோலிக்கர் தலைவர் ஸ்தனிஸ்லாஸ் முக்வான்யா, ஸக்கரியா கிசிங்கிரி. முதலாமவரும் மூன்றாமவரும் புராட்டஸ்டண்டுகள். பிரிட்டிஷாருக்கு இதைவிட வசதி வேறு எதுவும் இருந்திருக்க முடியாது. அரியணை காலியில்லை, ஆனால் அதில் இருப்பவர் பேச மாட்டார். பேரம் முழுக்கப் பிரதானிகளோடுதான்.

1900 ஒப்பந்தத்தில் அரசருக்கு என்ன கிடைத்தது?

1900 மார்ச் 10-இல் மெங்கோவில் சர் ஹாரி ஜான்ஸ்டன் பிரிட்டன் சார்பில் கையெழுத்திட்டார். மறுபக்கத்தில் பிரதிநிதிகளும் பிரதானிகளும். அரசருக்கு அப்போது மூன்றரை வயது.

ஆண்டுக்குக் குறைந்தது 1,500 பவுண்டு அரசருக்கு மானியம். வயது வரும்வரை வீட்டுச் செலவுக்கு 650 பவுண்டு மட்டும். பிரதிநிதிகள் ஒவ்வொருவருக்கும் 400 பவுண்டு, மாவட்டம் போன்ற சாசா ஒவ்வொன்றையும் ஆளும் இருபது தலைவர்களுக்கும் தலா 200 பவுண்டு. மரியாதைக்கு ஒன்பது குண்டு முழக்கம். வீட்டுக் காவலுக்கு ஐம்பது துப்பாக்கி உரிமம் இலவசம்.

அந்தத் தொகையை மக்கள் பக்கம் நின்று பார்த்தால்தான் அளவு புரியும். வீட்டு வரி ஆண்டுக்கு வீட்டுக்கு 3 ரூபாய். ரூபாய் என்றால் இந்திய ரூபாயேதான், அப்போது கிழக்காப்பிரிக்காவில் புழங்கிய நாணயம் அது. பவுண்டுக்கு 15 ரூபாய் என்ற கணக்கில் 1,500 பவுண்டு 22,500 ரூபாய் ஆகிறது. அதாவது 7,500 வீடுகளின் ஓராண்டு வரி. இதில் மறைந்திருக்கும் மாற்றம் தொகையைவிடப் பெரியது. முன்பு வரி அரசருக்கு வந்து அங்கிருந்து மற்றவர்களுக்குப் பிரிந்தது. இனி வரி பிரிட்டிஷ் கஜானாவுக்குப் போய், அங்கிருந்து சம்பளமாக அரசருக்கு வரும்.

நிலத்தை எப்படிப் பங்கிட்டார்கள்? எங்கே தப்பு நடந்தது?

ஒப்பந்தத்தின் 15-ஆம் பிரிவு. நாட்டின் பரப்பு 19,600 சதுர மைல் என்று அளக்காமலே மதிப்பிட்டு, பட்டியல் போட்டார்கள்:

- கபாகாவுக்கு 350
- அரச அன்னையர் இருவருக்கு 16, 10
- இளவரசர் நால்வருக்குத் தலா 8, இளவரசிகள் முதலிய உறவினருக்கு 90
- சாசா தலைவர் இருபது பேருக்குத் தனிச் சொத்தாக 8, பதவி நிலமாக 8, ஆக 320
- பிரதிநிதிகள் மூவருக்கு அதேபோல் 16-ம் 16-ம், ஆக 96
- முஸ்லிம் தலைவரும் அரச குடும்பத்தவருமான ம்போகோவுக்கு 24
- கோக்கித் தலைவர் கமுஸ்வாகாவுக்கு 20
- ஆயிரம் சிறு தலைவர்களுக்கும் நிலக்காரர்களுக்கும் 8,000
- மிஷன்களுக்கு 92, அரசு நிலையங்களுக்கு 50
- காடு 1,500, தரிசு என்று பெயரிட்டு பிரிட்டிஷ் அரச முடிக்கு 9,000

கூட்டிப் பார்த்தால் சரியாக 19,600 வரும். காகிதத்தில் அவ்வளவு சுத்தம். மைல் கணக்கில் கொடுத்ததால் இந்த நிலத்துக்கு மைலோ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு சதுர மைல் 640 ஏக்கர், எனவே கபாகாவின் பங்கு 2,24,000 ஏக்கர்.

தப்பு பல இடங்களில் நடந்தது. முதலாவது, அளந்து பார்த்ததில் நாடு மதிப்பிட்டதைவிடச் சிறியதாக இருந்தது. குறைவு வந்தால் முடியின் பங்கிலிருந்து கழிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் பிரதானிகள் தப்பித்தார்கள். அடுத்து, ஆயிரம் பேர் என்று எழுதிய இடத்தில் ஏறக்குறைய 4,000 பேர் பெயரைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். யார் பெயர் சேரும் என்பதைத் தீர்மானித்தது பிரதானிகளே. நல்ல மண், தண்ணீர்ப் பக்கம், குடி நிறைந்த இடம் எல்லாம் அவர்கள் கைக்குப் போயின. முடிக்கு எஞ்சியதில் பெரும்பகுதி சதுப்பும் குன்றும்.

பெரிய அடி இரண்டு பேருக்கு விழுந்தது. ஒருவர் அந்த மண்ணில் உழுது கொண்டிருந்த குடியானவர். நேற்றுவரை தலைவர் பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு தலைவரிடம் போவார். இப்போது அவர் ஒரு தனி மனிதரின் சொத்துக்குள் குடியிருப்பவர். குலத் தலைவர்களின் மூதாதையர் அடக்கமான இடங்கள்கூட அடுத்தவர் பெயரில் பதிவாகின. 1920-களில் பட்டாக்கா என்ற குலத்தலைவர்கள் இயக்கம் கிளம்பியது அதனால்தான்.

மற்றவர் அரசர். இதைப் பலரும் கவனிப்பதில்லை. பழைய புகாண்டாவில் பதவியோடு நிலம் வரும், பதவி போனால் நிலமும் போகும். இரண்டையும் கொடுப்பதும் பறிப்பதும் கபாகா. பிரதானிகளைக் கட்டிவைத்த கயிறு அது ஒன்றுதான். 8 சதுர மைலைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கக்கூடிய தனிச் சொத்தாக்கியதும் அந்தக் கயிறு அறுந்தது. 350 சதுர மைல் பெரிய பரிசு போலத் தோன்றும். முன்பு முழு நாட்டையும் கைமாற்றக் கூடியவராக இருந்தவர், அதற்குப் பிறகு நாட்டிலேயே பெரிய நிலச்சுவான்தார், அவ்வளவுதான்.

வீட்டு வரியை எப்படி வசூலித்தார்கள்?

குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் 3 ரூபாய், துப்பாக்கி வைத்திருந்தால் அதற்கும் 3 ரூபாய். ஊர்த் தலைவர் எண்ணி, சாசா தலைவர் திரட்டிக் கொடுப்பார். வெளியூரில் நாணயமே புழங்காததால் ஆரம்பத்தில் விளைபொருளும் சோழியும் கொண்டு வந்து குவித்தார்கள். வரி வீட்டின் மேல் என்பதால் மக்கள் ஒரே வீட்டில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். பிறகு ஆளுக்கு இவ்வளவு என்ற தலைவரி வந்து அந்த வழியையும் அடைத்தது. 1903–04-இல் பருத்தி விதை வந்ததும்தான் வரிக்குக் காசு கிடைத்தது. பருத்தி அரவை ஆலைகள் பெரும்பாலும் இந்திய வணிகர்கள் கையில் இருந்தது பின்னாளில் ஒரு பெரிய மனக்கசப்பாக வளர்ந்தது.

பணம் தவிர உழைப்பும் உண்டு. சாலை பராமரிப்புக்கு மூன்று வீட்டுக்கு ஓர் ஆள், ஓர் ஆளுக்கு ஆண்டில் ஒரு மாதத்துக்கு மேல் கூடாது என்பது விதி.

நிலக்காரருக்குத் தர வேண்டியது வேறு கணக்கு. பருத்தி விலை ஏறியதும் நிலக்காரர்கள் விளைச்சலில் பங்கு கேட்டுக் கழுத்தை நெரித்தார்கள். 1928-இல் வந்த சட்டம் புசூலு என்ற குடிவாரத்தை ஆண்டுக்கு 10 ஷில்லிங் என்று கட்டிப்போட்டது, குடியானவரை நினைத்தபடி வெளியேற்றவும் தடை போட்டது. புகாண்டாவில் குடியானவருக்குக் கிடைத்த உருப்படியான முதல் பாதுகாப்பு அதுதான். பிரிட்டிஷார் வற்புறுத்தி, பிரதானிகள் முகம் சுளித்துக்கொண்டு நிறைவேற்றியது.

லுகீக்கோ என்பது என்ன? அரசர் அதில் என்ன செய்வார்?

அரசவையாக இருந்ததை ஒப்பந்தம் சட்டமன்றமாகவும் மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் ஆக்கியது. மூன்று மந்திரிகள், இருபது சாசா தலைவர்கள், சாசாவுக்கு மூவர் வீதம் அறுபது பிரமுகர்கள், அரசர் விரும்பி நியமிக்கும் ஆறு பேர், ஆக 89. தேர்தல் கிடையாது. தீர்மானம் அரசர் ஒப்புதலோடு வெளிவரும், ஆனால் அதற்கு முன் பிரிட்டிஷ் பிரதிநிதியின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். மரண தண்டனைக்கும் அவர் சம்மதம் வேண்டும். ஒரு தலையசைப்பில் உயிரை எடுத்த அரண்மனையில் இதைவிடக் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் வேறில்லை.

அடுத்த கபாகாவை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? மூத்த மகனுக்கா பட்டம்?

மூத்த மகனுக்குப் பட்டம் கிடையாது. அவருக்குக் கிவேவா என்று தனிப் பட்டம் உண்டு, மற்ற இளவரசர்களுக்குப் பொறுப்பாளர். வேறு மகன்களில் ஒருவர் வருவார். புகாண்டாவின் மற்ற மக்கள் தந்தையின் குலத்தைச் சேர்வார்கள். அரசர் பிள்ளைகள் தாயின் குலத்தைச் சார்வார்கள். இதனால் ஒரே குலத்தில் அரியணை தேங்கிவிடாது. எல்லாக் குலத்தவரும் அரண்மனைக்குப் பெண் கொடுத்து, தங்கள் பேரன் அரசராவான் என்று காத்திருக்கலாம்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு லுகீக்கோ பெரும்பான்மையால் தேர்ந்து, பிரிட்டிஷ் அரசு ஏற்க வேண்டும் என்றானது. சடங்கில் மட்டும் வெள்ளைக்காரர் கை வைக்கவில்லை. அரசர் மறைந்தால் அரண்மனை வாசலில் எரியும் ஜுவாலையை அணைப்பார்கள், புதியவர் வந்ததும் மூட்டுவார்கள். புட்டோ குன்றிலுள்ள நகலாபியில் முடிசூட்டு, மரப்பட்டைத் துணி போர்த்துதல், முஜகுஸோ என்ற அரச முரசுகளை முழக்குதல் எல்லாம் நடந்தே தீரும். முன்னாளில் இறந்த அரசரின் தாடை எலும்பை எடுத்துத் தனிக் கோயிலில் வைப்பார்கள். முதலாம் முத்தேசாவோடு அது நின்றுபோனது, அவர் உடல் முழுதாகவே அடக்கம் செய்யப்பட்டது.

அரச அன்னைக்கு என்ன இடம்?

நமசோலே என்ற அந்தப் பதவிக்குத் தனி அரண்மனை, தனி நிலம், தனி அதிகாரிகள். மகன் இருக்கும் குன்றில் அவர் இருக்கக்கூடாது, நடுவில் ஓர் ஓடை ஓட வேண்டும். மறுமணம் கூடவே கூடாது.

இந்தக் கடைசி விதி 1941-இல் அரசாங்கத்தையே ஆட்டியது. தாவ்தி சுவாவின் மனைவியும் இளம் கபாகாவின் தாயுமான ஐரீன் நமகாண்டா ஒரு சாதாரணரை மணக்க விரும்பினார். கிறித்தவ விதவை மறுமணம் செய்வதில் தப்பில்லை என்று பிஷப் அனுமதி கொடுத்தார், கத்திக்கிரோ ந்சிபிர்வாவும் இசைந்தார். ஊர் கொதித்தது. நமசோலே பட்டம் இழந்தார், கத்திக்கிரோ பதவி விலக நேர்ந்தது. நிலமும் வரியும் கைமாறியபோது பொறுத்துக்கொண்டவர்கள் இதைப் பொறுக்கவில்லை. எந்த எல்லையில் மக்கள் கோடு கிழித்திருந்தார்கள் என்பது இதில் துல்லியமாகத் தெரியும்.

மரப்பட்டைத் துணியை எப்படிச் செய்கிறார்கள்? அரசருக்கு அது ஏன் முக்கியம்?

முடிசூட்டு, இறுதிச் சடங்கு, குலக் கூட்டம் எதுவும் அது இல்லாமல் நடக்காது. முத்துபா என்னும் ஓர் அத்தி வகை மரத்திலிருந்து எடுப்பது. அரசருக்குச் செய்யும் தலைமைக் கைவினைஞர் நீர்நாய்க் குலத்தவர்.

மழைக்காலத்தில்தான் உரிக்க வேண்டும், அப்போதுதான் மரத்தில் ஈரம் ஓடும். மேல்தோலைச் சுரண்டிவிட்டு, மேலும் கீழும் வட்டமாகக் கீறி, நடுவில் நெடுகப் பிளந்து, உள்பட்டையைக் கிழியாமல் கழற்றுவார்கள். உரித்த கையோடு மரத்தை வாழையிலையால் சுற்றிக் கட்டுவது அவசியம். அதை விட்டுவிட்டால் மரம் காய்ந்துபோகும், கட்டினால் புதுப் பட்டை வளர்ந்து மறு ஆண்டும் தரும். பட்டையை வேகவைத்து மென்மையாக்கி, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரச் சுத்தியலால் பல மணி நேரம் அடிப்பார்கள். முதலில் அகலப் பள்ளம், பிறகு நடுத்தரம், கடைசியில் மெல்லிய பள்ளம் என்று மூன்று சுத்தியல். கொட்டகை நிழலில்தான் அடிக்க வேண்டும், வெயில் பட்டால் பட்டை முறுகி வெடிக்கும். அடித்து அகலமானதும் கல் வைத்து வெயிலில் விரிப்பார்கள், அப்போதுதான் அந்தச் செம்மண் நிறம் ஏறும். கிளை இருந்த ஓட்டைகளை ஒட்டுப்போட்டுத் தைப்பார்கள். அரசருக்கும் பிரதானிகளுக்கும் வெள்ளை அல்லது கறுப்புச் சாயம் ஏற்றியது.

பருத்தித் துணி வந்ததும் அன்றாட உடையிலிருந்து இது மறைந்தது. 1953-இல் கபாகாவை நாடு கடத்தியபோது மக்கள் மீண்டும் அதை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள்.

காசுபியில் என்ன இருக்கிறது?

1882-இல் முதலாம் முத்தேசா அரண்மனையாகக் கட்டியது, 1884-இல் அவர் மறைந்ததும் கல்லறையானது. முதலாம் முத்தேசா, முவாங்கா, தாவ்தி சுவா, இரண்டாம் முத்தேசா என்று நால்வரும் ஒரே கூரையின் கீழ். பெரிய குடிசையின் விட்டம் 31 மீட்டர், உள்ளே உயரம் ஏழரை மீட்டர். கூரையின் உட்புறம் 52 வளையங்கள், குலத்துக்கு ஒன்று. புல் வேய்வது கொலோபஸ் குரங்குக் குலத்தவரின் உரிமை. உள்ளே பட்டைத் துணித் திரை தொங்கும், அதற்கு அப்பால் இருப்பது 'வனம்', அங்கேதான் கல்லறைகள். காலணியைக் கழற்றிவிட்டு, பாயில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2010 மார்ச் 16 இரவு தீயில் எரிந்தது, பிறகு பழைய முறையிலேயே எழுப்பினார்கள்.

தாவ்தி சுவா வயது வந்த பிறகு உண்மையில் ஆண்டாரா?

1914-இல் பதினெட்டு வயது முடிந்து பொறுப்பேற்றார். ஆனால் பதினேழு ஆண்டுகள் ஆண்டு பழகிய கக்வா கத்திக்கிரோவாகவே இருந்தார். பிரிட்டிஷாரும் அவரையே கலந்து பேசினார்கள். 1920-களில் புதிய அதிகாரிகள் சாசா தலைவர்களை நேரடியாக அழைத்து உத்தரவிடத் தொடங்கியபோது, அடி கக்வா மேல் விழுந்தது. மது விற்பனை அனுமதிச் சீட்டு பற்றிய ஒரு சில்லறைத் தகராறு முற்றி, 1926-இல் அவர் விலகினார். மறு ஆண்டே இறந்தார். வெள்ளைக்காரருக்கு அவ்வளவு உழைத்தவரை ஒரு மாகாண அதிகாரியிடம் தோற்க விட்டார்கள்.

அரசர் சர் பட்டம் பெற்றார், விழாக்களுக்கு வந்தார், பட்டாக்கா இயக்கத்தின் மனுக்களை அனுதாபத்தோடு கேட்டார். 1935-இல் மேல்நாட்டு நடையைக் கண்மூடிப் பின்பற்றுவது பற்றி எச்சரித்து ஒரு கட்டுரையும் எழுதினார். 1939 நவம்பர் 22-இல் மறைந்தார்.

இரண்டாம் முத்தேசாவை ஏன் நாடு கடத்தினார்கள்?

பதினைந்து வயதில் தேர்வானவர், பதினெட்டாவது பிறந்தநாளில், 1942 நவம்பர் 19-இல் முடிசூடினார். புட்டோ பள்ளி, மகெரேரே, பிறகு கேம்பிரிட்ஜ். ஆங்கிலேயச் சீமான் போலவே வளர்த்தார்கள். 1945-இல் மகெரேரே கல்லூரிக்கு நிலம் எடுக்கும் சட்டத்தை நிறைவேற்றிய மறுநாளே, மீண்டும் கத்திக்கிரோ ஆகியிருந்த ந்சிபிர்வாவை நமிரெம்பே தேவாலய வாசலில் சுட்டுக் கொன்றார்கள். 1949-இல் தலைவர்களைத் தேர்தலில் தேர்ந்தெடுக்க வேண்டும், பருத்தியை நாங்களே அரைத்து விற்போம் என்று கேட்டுக் கலகம் வெடித்தது. இரண்டின்போதும் இளம் கபாகா வெள்ளைக்காரர் பக்கம் நிற்கிறார் என்றே மக்கள் நினைத்தார்கள்.

1953 ஜூன் 30-இல் லண்டனில் ஒரு விருந்தில் காலனி அமைச்சர் ஆலிவர் லிட்டெல்டன் கிழக்காப்பிரிக்கக் கூட்டமைப்பு பற்றி ஒரு வாக்கியம் பேசிவைத்தார். கென்யாவின் வெள்ளைக் குடியேறிகளின் கீழ் போய்விடுவோம் என்று புகாண்டா பதறியது. கபாகா உறுதிமொழி கேட்டார், கூடவே புகாண்டா விவகாரத்தை வெளியுறவுத் துறைக்கு மாற்றவும், புகாண்டாவின் விடுதலைக்குத் தேதி குறிக்கவும் கேட்டார். உகாண்டா முழுவதையும் ஒரே நாடாக்க முயன்ற கவர்னர் ஆண்ட்ரூ கோஹனுக்கு இது ஆகவில்லை. உகாண்டா முழுவதற்குமான சட்டமன்றத்துக்குப் புகாண்டா பிரதிநிதிகளை அனுப்புவேன் என்று எழுதித் தரச் சொன்னார். கபாகா மறுத்தார். 1953 நவம்பர் 30-இல் என்டெபேயில் உள்ள கவர்னர் மாளிகைக்கு வந்தவரை அப்படியே விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். செய்தி கேட்ட அதிர்ச்சியில் அவருடைய சகோதரி இறந்துபோனார்.

கோஹன் அரசியலில் தாராளவாதி, சீர்திருத்தக்காரர். அவர்தான் இந்தத் தப்பைச் செய்தார். முந்திய நாள்வரை ஊர் முழுக்க மதிப்பு குறைந்திருந்த அரசரை ஒரே மாலையில் நாயகர் ஆக்கிவிட்டார்.

எப்படித் திரும்பி வந்தார்?

லுகீக்கோ வேறு கபாகாவைத் தேர்ந்தெடுக்க மறுத்துவிட்டது. அதுவே பாதி வெற்றி. மறுபாதி வழக்கு. அரசர் ஒப்பந்தத்தை மீறினால் அங்கீகாரத்தை நீக்கலாம் என்ற 6-ஆம் பிரிவைக் கவர்னர் ஆதாரமாகக் காட்டியிருந்தார். அந்தப் பிரிவு இந்த இடத்துக்குப் பொருந்தாது என்று 1954 நவம்பரில் கம்பாலா உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குள் பேராசிரியர் கீத் ஹான்காக் நமிரெம்பேயில் மாநாடு நடத்தி ஒரு வழி வகுத்திருந்தார். 1955 அக்டோபர் 17-இல் முத்தேசா திரும்பினார். புதிய ஒப்பந்தப்படி மந்திரிகள் ஆறு பேர், அவர்கள் லுகீக்கோவுக்குப் பொறுப்பு, கபாகா அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னர். சட்டப்படி முன்பைவிட அதிகாரம் குறைவு. நடைமுறையில் 1900-க்குப் பிறகு எந்தக் கபாகாவுக்கும் இல்லாத செல்வாக்கு.

விடுதலைக்குப் பின்?

1963-இல் உகாண்டாவின் குடியரசுத் தலைவரும் அவரே. 1964-இல், முன்பு பிரிட்டிஷார் புன்யோரோவிடமிருந்து எடுத்துப் புகாண்டாவுக்குக் கொடுத்திருந்த 'இழந்த மாவட்டங்கள்' புன்யோரோவுக்கு வாக்கெடுப்பில் திரும்பியபோது பிரதமர் ஒபோட்டேயோடு முறிந்தது. 1966 மே 24-இல் இராணுவம் மெங்கோ அரண்மனையைத் தாக்கியது, முத்தேசா தப்பி லண்டன் போனார். 1969-இல் அங்கேயே இறந்தார். 1967-இல் ஒழிக்கப்பட்ட அரசுகள் 1993-இல் சடங்கு அளவில் மீண்டன. அரசியல் பதவி கிடையாது. ஆனால் மெங்கோ அரண்மனையிலிருந்து லுகீக்கோ கூடும் புலாங்கே மன்றத்துக்குப் போகும் நேர்ச்சாலையின் நடுவில் உள்ள ரவுண்டானாவில் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். எல்லா வண்டியும் சுற்றித்தான் போக வேண்டும். கபாகா மட்டும் குறுக்கே நேராகப் போவார்.

மற்ற கிழக்காப்பிரிக்க அரசர்களின் நிலையும் இதேதானா?

இல்லை, புகாண்டாவுக்குக் கிடைத்த பேரம் யாருக்கும் கிடைக்கவில்லை. பிடிபட்டபோது கபலேகாவின் கையில் குண்டு பட்டு, கையையே எடுக்க வேண்டியதாயிற்று. 1923-இல் ஊர் திரும்ப அனுமதித்தார்கள், வழியில் ஜிஞ்சாவிலேயே இறந்தார். ருவாண்டாவின் ஐந்தாம் யுஹி முசிங்கா ஞானஸ்நானம் பெற மறுத்து, பெல்ஜியரோடு ஒத்துப்போகாததால் 1931 நவம்பரில் நீக்கப்பட்டு, அவருடைய மகன் அரியணையில் வைக்கப்பட்டார். முசிங்கா காங்கோவில் இறந்தார்.

மைலோ நிலம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, நீதிமன்றங்களை நிரப்பிக்கொண்டு இருக்கிறது. 1975-இல் இடி அமீன் ஆட்சி எல்லா நிலத்தையும் அரசுடைமை என்றது, 1995 அரசியலமைப்பு மைலோவை மீட்டது. ஒரே மனையில் பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், கிபாஞ்சா என்ற குடியிருப்பு உரிமை இன்னொருவரிடம் இருக்கும். கம்பாலாப் பக்கம் நிலம் வாங்குபவர்கள் பட்டாவை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, உள்ளே வாழைத்தோட்டத்தோடு குடியிருப்பவரைக் கிளப்ப முடியாமல் மாட்டிக்கொள்வது வழக்கம். பதிவேட்டைத் தேடுவதோடு நிற்காமல், நேரில் போய் யார் பயிரிடுகிறார், யாருக்கு வாரம் கட்டுகிறார், ஊர்த் தலைவர் என்ன சொல்கிறார் என்று விசாரித்து, கிபாஞ்சாக்காரரோடும் எழுத்தில் முடித்துக்கொண்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.